தலைகீழாகக் காத்திருந்தவர்

உஸ்ஸ்ஸ் என்ற சத்தம்தான் முதலில். சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் தகரச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். இருட்டுக்குள் ஏதோ ஒன்று மூச்சை வெளியே விட்டபடியே இருக்கிறது, உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும் இல்லை. விளக்கு எரிந்த பிறகு பார்த்தால், ஆளுயரத்துக்கும் மேலே ஒரு தாங்கி, வெள்ளி நிறத்தில் மூடி போட்ட உலோகத் தொட்டி, மூடியோரம் வெள்ளைப் புகை. எழுபதுகளின் நடுவே, சிட்னிக்கு மேற்கே செவன் ஹில்ஸில், கதவு செய்யும் பட்டறைக்கும் பிஸ்கற் களஞ்சியத்துக்கும் இடையில் இருந்த கொட்டகையில் நான் பார்த்த இரவு வேலை இது. இறந்துபோன ஒருவர் பிற்காலத்தில் எழும்பி வரலாம் என்ற நம்பிக்கையில் அவரைத் திரவ நைதரசனுக்குள் உறைய வைத்திருந்தார்கள். அது வற்றாமல் ஊற்றிக்கொண்டிருப்பது என் பொறுப்பு.

மற்றத் தொழில்களில் ஏதாவது நடந்தால்தான் வேலை. எங்கள் தொழிலில் ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இரவில் விழித்து, பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுக்கும் என் இனத்தாரே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவன் நான். பள்ளிக்கூடம் கொஞ்சம், மிச்சமெல்லாம் நூல்நிலையங்களில் நானாகப் பொறுக்கியது. ஓரிடத்தில் நிற்காத கால். இந்த ஊருக்கு வந்தும் ரொட்டி சுடும் இடம், கண்ணாடி உருக்கும் இடம், ஆஸ்பத்திரிச் சலவை என்று இரவுக்கு இரவு மாறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பத்திரிகையில் ‘குளிர்சாதன அனுபவமும் தனிமைப் பழக்கமும் உள்ளவர் தேவை’ என்று இரண்டு வரி கிடந்தது. தனிமைக்கும் யாரோ சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

சொல்லக்கூடாத சொல்

இந்த ஏற்பாட்டை நடத்தியது ஒரு சின்னச் சங்கம். அதன் தலைவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர்; நல்ல மனிதர், பேசும்போது நம்முடைய வாயையே பார்த்துக்கொண்டு பேசுவார். வேலையை அவரே காட்டித் தந்தார். நீண்ட மரக்கோலைத் தாங்கிக்குள் இறக்கி, வெளியே எடுத்துக் காற்றில் ஆட்ட வேண்டும். எவ்வளவு தூரத்துக்கு வெள்ளையாக உறைபனி பிடிக்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளே நைதரசன் இருக்கிறது. குறைந்தால் சிறிய உருளையிலிருந்து ஊற்ற வேண்டும்.

உள்ளே இருந்தவருடைய பெயர் கிளிஃப். தலை கீழே, கால் மேலே. ஊற்றுவது எப்போதாவது தாமதித்துப் போனால் கால்தான் முதலில் இளகும், தலை தப்பும் என்று காரணம் சொன்னார். நான் மரியாதைக்கு, இவர் செத்து எவ்வளவு காலம் என்று கேட்டேன். பல் வைத்தியர் சொத்தைப் பல்லைக் கண்டதுபோல முகத்தைச் சுளித்தார். “அந்தச் சொல்லை மட்டும் இங்கே பாவிக்காதே, ராஜா. இங்கே ஒருவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.”

குளிப்பும் சந்தேகமும்

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கலாம் என்பது எங்கள் பக்கத்து ஒழுங்கு. நான் ஒவ்வொரு விடியலிலும் செத்தவீட்டிலிருந்துதானே வருகிறேன். அதனால் என் மனைவி பின்வளவுக் குழாயடியில் வாளியும் துவாயும் வைத்துவிடுவாள். ஜூலை மாதம் இந்த நாட்டில் நடுக் குளிர்காலம், புல்லெல்லாம் உறைபனி வெள்ளை பூத்துக் கிடக்கும். நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று நடுங்கிக்கொண்டு குளிப்பேன். வேலிக்கு அப்பால் இருந்த கிழவர் சில நாள் பார்த்துவிட்டு, உங்கள் குளியலறை கெட்டுப்போயிருந்தால் திருத்துவதற்குத் தெரிந்த ஆள் இருக்கிறான் என்று அக்கறையோடு சொன்னார்.

மனைவிக்கு அந்தக் குளிரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தண்ணீர் சுட வைக்கத் தொடங்கினாள். அதற்காக விடிவதற்கு முன் எழும்ப வேண்டி வந்ததும் அவளுக்குச் சந்தேகமும் எழும்பியது. தாங்கிக்குள் இருப்பவர் தலைகீழாக இருக்கிறார் என்றேன். வௌவால் மாதிரியோ என்று கேட்டாள். ஓம், வௌவால் மாதிரித்தான். சாகவில்லை, காத்திருக்கிறார் என்று சங்கத்தில் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். அவள் சுடுதண்ணீர்ப் பானையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “இஞ்சருங்கோ, நேராச் சொல்லுங்கோ. அந்த மனிசன் செத்தவரோ இல்லையோ? செத்தவர் எண்டால் நீங்கள் குளிக்கவேணும். சாகேல்லை எண்டால் நான் ஏன் விடியவெள்ளன எழும்பி அடுப்பு மூட்டுறன்?”

நல்ல சாதிக் காளை

நைதரசன் கொண்டுவரும் லொறி ஓட்டுநர் ஸ்பிரோ, கிரேக்க நாட்டுக்காரர். நான் வேலைக்கு வரும் நேரத்தில், மாலை மங்கும்போது வருவார். நாட்டுப்புறத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் நிலையங்களுக்கும் இதே லொறிதான் போகும். காளையின் விந்தை நைதரசனில் உறைய வைத்து மாதக்கணக்கில் பாதுகாப்பார்கள். அதனால் எங்கள் தாங்கியையும் ஸ்பிரோ அப்படியே எண்ணிக்கொண்டார். இவ்வளவு பெரிய தாங்கியா, எந்த நாட்டுக் காளை என்று கேட்டார். வெளியாட்களுக்குச் சொல்லக்கூடாது என்பது கட்டளை. இந்த நாட்டுக் காளைதான் என்றேன். கன்று ஏதும் பிறந்ததா என்றார். இன்னும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம், கன்று எப்படி, கன்று எப்படி என்று கேட்டு என் உயிரை எடுத்தார்.

ஒருநாள் பல் வைத்தியரே அவரிடம் விஷயத்தை உடைத்துவிட்டார். ஆளைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஸ்பிரோ தொப்பியைக் கழற்றிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். குழாயைச் சுருட்டி லொறியில் ஏற்றினார். கதவைச் சாத்தும்போதுதான் சொன்னார்: “காளையாக இருந்திருந்தால் ஒரு கன்றாவது மிஞ்சியிருக்கும், ராஜா.”

டோரின் அம்மாவின் கதிரை

கிளிஃப்பின் மனைவி டோரின் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வருவார். மடக்குக் கதிரை ஒன்றும் பின்னல் ஊசியும் நூல்பந்தும் கையில் இருக்கும். தாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, பின்னிக்கொண்டே அந்த வாரத்து ஊர்ப் புதினமெல்லாம் சொல்வார்: நாய்க்குக் காது நோகிறது, எதிர்வீட்டுக்காரன் வேலியைப் பச்சை நிறத்தில் அடித்துவிட்டான், உங்களுடைய கட்சி ரக்பியில் மறுபடியும் தோற்றுவிட்டது. பதிலுக்கு உஸ்ஸ்ஸ். உயிரோடு இருக்கும்போதும் இதே பதில்தான் என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

சிரித்தாலும் அந்த அம்மாவுக்குத் தூக்கமில்லாத முகம். தூக்கமில்லாதவரை இரவு வேலைக்காரனுக்குப் பார்த்த உடனே தெரியும். தன்னை மண்ணுக்குள் வைக்கவோ எரிக்கவோ விடாதே என்று கிளிஃப் கடைசிக் காலத்தில் கேட்டுக்கொண்டாராம். இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் பிரார்த்தனை இல்லை, பூ இல்லை, பக்கத்து வீட்டார் சாப்பாடு கொண்டுவந்து வைப்பதும் இல்லை. கிளிஃப்பின் காரை விற்க முடியவில்லை. எழும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது? இதற்கிடையில் புல்வெளியில் பந்து உருட்டும் கழகத்தில் ஒருவர், மனைவியை இழந்தவர், குளிர்காலத்துக்கு வெயிலான குவீன்ஸ்லாந்துப் பக்கம் போய் வரலாமா என்று இவரைக் கேட்டிருக்கிறார். போகவும் ஆசை, போகவும் பயம்.

உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அன்றைக்கோ மறுநாளோ எரித்துவிடுவோம், எட்டாம் நாள் அவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைப்போம், முப்பத்தோராம் நாளோடு துடக்கு என்கிற தீட்டுக் கழியும் என்றேன். அந்த அம்மா ஊசியை நிறுத்திவிட்டு, முப்பத்தோராம் நாளோடா என்று திரும்பக் கேட்டார். ஒரு முடிவு நாள் இருக்கிறது என்பதையே அவரால் நம்ப முடியவில்லை. “எனக்கு மனைவியென்று சொன்னால் பொய் போலிருக்கிறது, விதவையென்று சொன்னால் துரோகம் போலிருக்கிறது. கணவர் எப்படி என்று கடையில் கேட்டால் நான் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறேன், ராஜா.”

லொறி வராத வாரம்

அந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் வேலைநிறுத்தம் வராத மாதம் இல்லை. தபால் நிற்கும், ரயில் நிற்கும், பியர் நிற்கும். ஒருமுறை நைதரசன் லொறிகளும் நின்றன. முதல் சில நாட்கள் கையிருப்பை ஊற்றிச் சமாளித்தேன். பிறகு ஒவ்வொரு மாலையும் கோலை ஆட்டும்போது வெள்ளை கீழே கீழே இறங்கிக்கொண்டு போனது. பல் வைத்தியர் தெரிந்த இடமெல்லாம் தொலைபேசியில் கெஞ்சினார்.  ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் தொழிலில் ஏதோ நடக்கப் போகிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்பிரோ லொறி இல்லாமல் தன் சொந்தக் காரில் வந்தார். தொழிற்சங்கக் குழுவில் அவரும் ஒரு ஆள். உயிருக்கு ஆபத்து என்றால் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் லொறி போகலாம் என்று குழு தீர்மானித்திருந்தது. எங்களுக்கும் ஒரு லொறி கேட்டுப் பார்க்கலாம், ஆனால் தன் தோழர்களுக்கு முன்னால் நின்று பொய் சொல்லமாட்டேன் என்றார். “ஒன்றே ஒன்று சொல், ராஜா. உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா, செத்துவிட்டாரா?”

வீட்டில் பானையை வைத்துக்கொண்டு என் மனைவி கேட்ட அதே கேள்வி. பல் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். காத்திருக்கிறார் என்று சொல், காத்திருக்கிறார் என்று சொல் என்று மூச்சுவாங்கினார். அதைச் சொல்லியிருந்தால் ஸ்பிரோவும் அரைமனதோடு நம்பியிருப்பார், லொறியும் வந்திருக்கும். ஐஸ் தொழிற்சாலையில் உறைந்த பாரை மீன் இளகினால் எழும்பி நீந்தாது, நாறும் என்று கண்டவன் நான்; அதற்காகச் செத்துவிட்டார் என்று சொல்லவும் நா எழவில்லை. வாக்குக் கொடுத்தவர் நானில்லையே. நான் வாசலைப் பார்த்தேன். டோரின் அம்மா மடக்குக் கதிரையோடு அங்கே நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஸ்பிரோ தொப்பியைக் கழற்றினார்.

லொறி வராவிட்டால் என்ன ஆகும் என்று டோரின் அம்மா என்னிடம் கேட்டார். மறைக்கவில்லை, கால்தான் முதலில் இளகும் என்றேன். அந்த அம்மா கதிரையை விரித்து உட்கார்ந்தார். கிளிஃப்பின் பாதம் எப்போதும் ஐஸ்கட்டி மாதிரி இருக்குமாம். குளிர்கால இரவுகளில் அதை இவருடைய முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொள்வாராம், இவர் கத்துவாராம். சொல்லிக்கொண்டே சிரிக்கத் தொடங்கி, பாதியில் அது அழுகையாகி, திரும்பவும் சிரிப்பானது. “இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுடைய கால் இப்போதுதான் சூடாகப் போகிறது” என்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பிரோவைப் பார்த்தார். “அவர் செத்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் ஆறுவதற்குள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்குத் தெரியும். உங்கள் குழுவிடம் அப்படியே சொல்லுங்கள்.”

 ஸ்பிரோ தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். “சரி அம்மா. லொறி வராது. அடக்கத்துக்கு நான் வருகிறேன்.”

தலைவரின் பெருமூச்சு

பல் வைத்தியர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். மறுநாள் காலை, நல்ல கோட்டும் தொப்பியுமாக வந்து, தாங்கியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சங்கத்தில் மிஞ்சியிருந்தவர்கள் ஒரு சிலர்; கூட்டத்துக்கு வருவதே பிஸ்கற்றுக்காக. அவர்தான் தனியாக இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார், தொலைபேசி அடித்தால் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு. அங்கே வந்திருந்த டோரின் அம்மாவின் கையைப் பிடித்து, உங்கள் முடிவை மதிக்கிறேன் என்று முறைப்படி சொன்னார். அந்த அம்மா போன பிறகு என் பக்கம் குனிந்து, முதல்முறையாக என் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துப் பேசினார். “இனிமேல் சனிக்கிழமையில் மீன் பிடிக்கப் போகலாம், இல்லையா?”

சந்தேகமில்லாத குளிப்பு

எரிக்கும் இடத்துக்காரர், இவரை எரிக்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும் என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை, காத்திருந்து பழக்கம் என்றார் டோரின் அம்மா. ஸ்பிரோ காலில் கறுப்புச் சப்பாத்தை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பந்து உருட்டும் கழகத்துக்காரரும் வந்து கடைசி வரிசை வாங்கில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதிரியார் சுருக்கமாக முடித்தார். பூ இருந்தது. பக்கத்து வீட்டார் சாண்ட்விச் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொருவரிடமும், நான் கிளிஃப்பின் விதவை என்று தெளிவாகச் சொல்லிக் கைகொடுத்தார். புதுச் சட்டை போட்டுப் பார்ப்பவர்போல அந்தச் சொல்லை அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்ததாக எனக்குப் பட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது பின்வளவில் சுடுதண்ணீர் ஆவி பறக்கத் தயாராக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். என் மனைவி துவாயை நீட்டினாள். இத்தனை நாளும் இல்லாத ஒரு தெளிவு அவள் முகத்தில். “இண்டைக்குச் சந்தேகமில்லாமல் குளியுங்கோ.”

எட்டு

எரித்த நாளிலிருந்து எண்ணி எட்டாம் நாள் செய்யவேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றாள். வெள்ளைக்காரருக்கு எட்டா என்றேன். பசிக்கு நிறமிருக்கோ என்று வாயை அடைத்துவிட்டு, அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டுவரச் சொன்னாள். ஆட்டிறைச்சித் துண்டு பொரித்தது, புதினாச் சாறு, பட்டாணி, உருளைக்கிழங்கு, பியர். குறையொன்றும் வைக்கவில்லை அவள். ஆனால் கை பழகியபடிதானே போகும்? ஆட்டிறைச்சி ஊரிலிருந்து வந்த கறித்தூளில் சிவந்து பிரட்டலாகிவிட்டது. புதினாச் சாற்றுக்குள் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் வந்து சேர்ந்தன. பட்டாணி கடுகோடு வெடித்துத் தாளிதமானது. உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்லவேண்டாம். பியர் மட்டும் தப்பியது.

டோரின் அம்மா ஒரு கடதாசிப் பையோடு வந்தார். படையலுக்குப் பக்கத்தில் அதிலிருந்ததை எடுத்து வைத்தார்: தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடி. வெள்ளிக்கிழமைகளில் தாங்கிக்கு முன்னால் பின்னியது அதைத்தான். மனைவி கர்ப்பூரம் கொளுத்தி, எனக்குக்கூடச் சொல்லாமல் ஏதோ வேண்டிக்கொண்டாள். பிறகு எல்லோரும் குசினி மேசையில் உட்கார்ந்தோம். டோரின் அம்மா முதல் வாயிலேயே கண் கலங்கி, தண்ணீர் குடித்து, மூக்கைச் சிந்தினார். துக்கமாக்கும் என்று நினைத்தோம். அவர் சாப்பாட்டுக் கோப்பையை என் மனைவியிடம் நீட்டினார். “கிளிஃப் இதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டார். எனக்கு இன்னும் கொஞ்சம் போடுங்கள்.”

தாங்கி போன இடம்

தாங்கியை யார் வாங்குவார்கள் என்று பல் வைத்தியர் விழித்தபோது வழி சொன்னவர் ஸ்பிரோ. சினை ஊசி நிலையம் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. தாங்கியின் குணம் தெரிந்தவன் என்று என்னையும் கூடவே எடுத்துக்கொண்டது. நன்றாகக் கழுவி, உள்ளே தட்டுகள் பொருத்தி, இப்போது அதில் உண்மையாகவே காளைச் சமாசாரம் இருக்கிறது. காலுறையை டோரின் அம்மா எனக்கே தந்துவிட்டார். சீமெந்துத் தரைக்கு அது நல்லது. அவரிடமிருந்து குவீன்ஸ்லாந்துக் கடற்கரைப் படம் போட்ட தபாலட்டை வந்தது. பகலில் நான் படுத்தால் மத்தியானம் வரைக்கும் எழும்புவதில்லை. அப்படி ஒரு தூக்கம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

புது வேலையின் விபரத்தை மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று தடுமாறி, காளைகளுடைய எதிர்காலத்தைப் பாதுகாக்கிறோம் என்று ஒருவாறு சுற்றி வளைத்தேன். இனிக் குளிக்கத் தேவையில்லை, ஒருவரும் சாகவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கி, வாளியைக் காட்டினாள். “அதுக்கெண்டால் கட்டாயம் குளிச்சிட்டு வாங்கோ.”

ஒருநாள் ஸ்பிரோ என்னை ஏற்றிக்கொண்டு போய் ஒரு பண்ணையில் இறக்கினார். எங்கள் தாங்கியிலிருந்து போனதில் பிறந்ததாம். செம்பழுப்பு நிறம், ஈரம் காயாத முதுகு, நான்கு காலும் நான்கு பக்கம் போக, விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஸ்பிரோ வேலியில் சாய்ந்துகொண்டு வெகுநாள் பாக்கியைத் தீர்த்தார். “கன்று எப்படி, ராஜா?”

மனிதரை எழுப்புவதாகச் சொன்ன தாங்கியிலிருந்து கடைசியில் எழும்பி நின்றது ஒரு கன்றுக்குட்டி என்பதில் எனக்கொரு குறையும் இல்லை. நேரமாகிறது, கோலைத் துணியால் துடைத்து, மூடியைத் தூக்கி, மெதுவாக உள்ளே இறக்குகிறேன்.